காதை மூடிக்கொண்டு கேட்டவர்

"நீங்களே சொல்லுங்க மேடம். பூட்டோட நம்பரை நேத்துதான் மாத்தினேன். புது நம்பர் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான். இன்னொண்ணு இவர். நான் திருடல."

துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர் கணக்கை முடித்துவிட்டவர் போல நாற்காலியில் சாய்ந்தார்.

"இவர்" என்று அவர் காட்டிய ஆள் கதவோரம் நின்றிருந்தார். துப்பாக்கி அறையின் காப்பாளர். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அங்கேதான் வேலை. கிளப்பின் பின்புறம் கொடுத்திருந்த இரண்டு அறைகளில்தான் மனைவியோடு குடியிருந்தார். மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடும். அதற்குள் வேறு பெயர் கிடைக்காவிட்டால் அவரைப் போலீசில் ஒப்படைப்பார்கள். வேலை போகும். வீடும் போகும்.

"ரெண்டு பேர்ல நீங்க இல்லன்னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க. இந்த வசதி இருந்தா நான் பள்ளிக்கூடத்துல எல்லா வருஷமும் பாஸ் ஆகியிருப்பேன்," என்றான் கொழுந்தன்.

"தம்பி," என்றாள் அண்ணி. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவள் அவனுக்கு மட்டும்தான் முறைப்படி அண்ணி. ஆனால் அவன் ஊர் முழுக்க அப்படியே அறிமுகப்படுத்தி வைத்ததில், துப்பறியும் அலுவலகத்தின் பெயர்ப் பலகையில் கூட இப்போது அதுதான் இருந்தது.

அவர்களை அழைத்தவர் பேராசிரியை. காணாமல் போனது அவருடைய பிஸ்டல். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் அதை வைத்துத்தான் அவர் சுட வேண்டும். "காப்பாளர் எடுத்திருக்க மாட்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்று போனில் சொல்லியிருந்தார்.

காப்பாளரும் பின்னால் வர, மூவரும் துப்பாக்கி அறைக்குப் போனார்கள். இரும்புக் கதவு. எண்களைத் திருப்பித் திறக்கும் பூட்டு. பூட்டும்போது நம்பர் தேவையில்லை, திறக்கத்தான் தேவை. உடைத்த தடயம் எதுவும் இல்லை. இன்று காலை கதவு பாதி திறந்து கிடந்தது.

அண்ணி குனிந்து பூட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"சரிங்க மேடம்," என்றார் பின்னால் நின்ற காப்பாளர்.

"எல்லார் மேலயும்னு எடுத்துக்கலாம்," என்றான் கொழுந்தன்.

அண்ணி திரும்பிக் காப்பாளரின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு செயலாளரிடம் கேட்டாள். "புது நம்பரை இவர்கிட்ட எப்ப சொன்னீங்க? எங்க வச்சு?"

"நேத்து மத்தியானம். சுடுற இடத்துல."

"அங்கயா? அத்தனை பேர் நடுவுலயா?"

செயலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. "அதான் மேடம் எங்க கிளப்போட சூட்சுமம். ரகசியம் பேசணும்னா அங்கதான் போவோம். எல்லார் காதுலயும் சத்தத்தை அடைக்கிற இயர் மஃப் இருக்கும். இந்தப் பக்கம் டமார் டமார்னு வெடிக்கும். யாரோட மஃபையாவது லேசாத் தூக்கி, காதுல சொல்லிட்டு மறுபடி மூடிட வேண்டியதுதான். சொந்தச் சண்டை, வியாபாரச் சண்டை எல்லாம் அங்கதான் பேசுவோம். போன கமிட்டித் தேர்தல்ல நான் ஜெயிச்சதே அங்க நின்னு பேசித்தான். காகிதத்துல எழுதினா யாராவது படிச்சிடுவாங்க. இதை யாரு கேக்க முடியும்?"

"அப்ப யார் யார் சுட்டுக்கிட்டு இருந்தாங்க?"

"மூணு பேர். ஃபர்னிச்சர் கடை முதலாளி, பல் டாக்டர், வருஷா வருஷம் கோப்பையை ஜெயிக்கிற புரொபசரம்மா. மூணு பேரும் மஃப் போட்டிருந்தாங்க. காலையில கமிட்டி விசாரிச்சப்ப, எங்களுக்கு எதுவுமே கேக்கலைன்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க."

ஆணியில் ஒரு மஃப் தொங்கியது. காதை முழுதாக மூடும் இரண்டு கிண்ணங்கள், நடுவில் தலைப்பட்டை. கிண்ணங்களின் மேல் கிளப் சின்னம் தைத்த நீலத் துணி உறை.

"உறை எதுக்கு?"

"என்னோட யோசனைதான். எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தானே பாக்க அழகு?"

"ரொம்ப அழகு," என்றாள் அண்ணி. "தம்பி, வண்டியை எடு."

*

அந்த ஊரில் மஃப் விற்பது ஒரே கடைதான். ஹெல்மெட், கையுறை, தடித்த பூட்ஸ் எல்லாம் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கின. கடைக்காரர் ஒரு சாம்பல் நிற மஃபை எடுத்துக் கொழுந்தன் தலையில் மாட்டி, ஓரத்தில் இருந்த திருகை மெல்லத் திருப்பினார்.

கொழுந்தனின் கண்கள் விரிந்தன.

"அண்ணி! கடிகாரம் ஓடுறது கேக்குது. தெருவுல யாரோ செருப்பைத் தேய்ச்சு நடக்கிறது கேக்குது. உள் ரூம்ல ஒரு அம்மா பேசுறாங்க. 'வந்து அரை மணி நேரமாச்சு, இதுங்க வாங்குற மூஞ்சி இல்ல'ன்னு..."

"என் வீட்டுக்காரி. கணக்குப் பாக்கறா," என்றார் கடைக்காரர் அவசரமாக. பேச்சை மாற்ற, ஒரு சுத்தியலை எடுத்து மேசையில் இருந்த இரும்புத் துண்டின் மேல் ஓங்கி அடித்தார். அண்ணி காதைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தன் அசையவில்லை.

"இவ்வளவுதானா? யாரோ தலகாணியைத் தட்டின மாதிரி இருந்துச்சு."

"அதான் சார் எலக்ட்ரானிக் மஃப். வெளியில மைக் இருக்கு. சின்னச் சத்தத்தைப் பெருசாக்கி உள்ள அனுப்பும். பெரிய சத்தம் வந்தா அந்தக் கணமே அமுக்கிடும். சாதா மஃப் எல்லாத்தையும் ஒரே மாதிரி அடைச்சிடும். இது அப்படி இல்ல."

கொழுந்தன் மஃபைக் கழற்றாமலே அண்ணியைப் பார்த்தான். "அப்படின்னா இதைப் போட்டவனுக்குக் காது மூடலை. காது ரெண்டு மடங்கா தொறந்திருக்கு."

"கிளப் ஆளுங்க யாராவது வாங்கினாங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

கடைக்காரர் நெற்றியைச் சொறிந்தார். "கிளப்பான்னு தெரியாதும்மா. ஆனா ஒருத்தர் வந்தார். மறக்கவே முடியாது. இங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல என்ன கேப்பாங்க? எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும்னு கேப்பாங்க. அப்புறம், என்ன துப்பாக்கி, மூடின ஹாலா திறந்த வெளியான்னு நாங்க கேப்போம். மூடின ஹால்னா சுவர்ல பட்டுத் திரும்பி வரும், தடுப்பு அதிகமா வேணும். கண்ணாடி போடுறவங்களான்னு கேப்போம். கண்ணாடிக் காம்பு இடுக்குல சத்தம் நுழையும், அதுக்கு மெத்துன்னு ஜெல் வளையம் இருக்கு. அந்த ஆள் இது எதையும் காதுல வாங்கல. எவ்வளவு சத்தம் தடுக்கும்னு ஒரு வார்த்தை கேக்கல. எவ்வளவு மெதுவாப் பேசினா கேக்கும்னு மட்டும் கேட்டார்."

அண்ணி புன்னகைத்தாள்.

"மேல துணி உறை போட்டாலும் கேக்குமான்னார். மெல்லிசுன்னா கேக்கும்னேன். கண்ணாடி போடுவேன்னு ஜெல் வளையமும் வாங்கிக்கிட்டார்."

"ஆள் எப்படி இருந்தார்?"

"அதாம்மா வேடிக்கை. பைக் ஹெல்மெட்டைக் கடைசி வரைக்கும் கழட்டல. ஹெல்மெட்டோட வந்து மஃப் வாங்கின ஆளை என் வாழ்நாள்ல அன்னிக்குத்தான் பாத்தேன்."

"கண்ணாடி போட்டவர்!" கொழுந்தன் துள்ளினான். "மூணு பேர்ல கண்ணாடி போட்டவர் யாரு? கேஸ் முடிஞ்சுது அண்ணி, காபி குடிக்கப் போலாம்."

"துப்பாக்கி சுடும்போது எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி போடணும், தம்பி. மூணு பேரும் போடுவாங்க."

"காபியாவது உண்டா?"

அண்ணி கடைக்காரரிடம் வேறு ஏதோ விசாரித்தாள். தாழ்ந்த குரல் எதில் தெளிவாகக் கேட்கும்? திருகு, தடித்த விரலுக்குச் சிக்குமா? நாள் முழுக்கப் போட்டால் தலை வலிக்குமா? ஒவ்வொன்றையும் தானே மாட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தாள். கடைசியில் இரண்டு வாங்கினாள்.

"நமக்கு ரெண்டா?"

"உனக்கு ஒண்ணு."

"இன்னொண்ணு உங்களுக்கா?"

"எனக்கு உன் பேச்சு இப்பக் கேக்கிறதே போதும்," என்றாள் அண்ணி.

*

சுடும் கூடம் நீளமாக இருந்தது. மூன்று தடுப்புகளில் மூன்று பேர். முதலில் ஃபர்னிச்சர் கடை முதலாளி, நடுவில் பல் டாக்டர், கடைசியில் கடன் வாங்கிய பிஸ்டலோடு பேராசிரியை. மூவர் காதிலும் நீல உறை போட்ட மஃப்.

"உறையைக் கழட்டிப் பாத்தா முடிஞ்சுது," என்றான் கொழுந்தன் வாசலிலேயே.

"எலக்ட்ரானிக் மஃப் வச்சிருந்தா குத்தமா? போட்டிருந்தேன், ஆனா ஆன் பண்ணலைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அவருக்குக் கேக்குதுன்னு அவரே காட்டணும்."

"எப்படி?"

"நேத்து செயலாளர் நின்ன இடத்துல நீ நில்லு. காப்பாளரோட மஃபைத் தூக்கு. அதே மாதிரி மெதுவா அவர் காதுல சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"உனக்குச் சும்மாவே வருமே, அதைத்தான். மூணு பேரைப் பத்தியும் ஒண்ணொண்ணு."

கொழுந்தன் உள்ளே எட்டிப் பார்த்தான். "கையில துப்பாக்கி வச்சிருக்கிற மூணு பேரை முதுகுக்குப் பின்னாடி நின்னு கிண்டல் பண்ணச் சொல்றீங்க. அண்ணன்கிட்டச் சொல்லிட்டு வந்தீங்களா?"

"கேக்காதவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"கேக்கிறவன்?"

"அவன்தான் நமக்கு வேணும்."

செயலாளர் ஓரமாக நின்றார். மூவரும் மாறி மாறி நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டார்கள். அண்ணி தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைத்து, தூரத்து இலக்கு அட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் விரலால் மதிப்பெண் காட்டினாள். பத்து. ஒன்பது. பத்து. மூன்று பேருமே கெட்டிக்காரர்கள்.

வெடிச் சத்தங்களுக்கு இடையே ஒரு இடைவெளி கிடைத்தது. கொழுந்தன் காப்பாளரின் மஃபைத் தூக்கினான்.

"ஃபர்னிச்சர் கடையில மேசை வாங்கினா கூடவே ஒரு கோடாலியும் வாங்கணுமாம். டிராயரை ஒரு தடவை மூடிட்டா, அப்புறம் அதுதான் சாவி."

"சரிங்க," என்றார் காப்பாளர்.

முதல் தடுப்பில் பிஸ்டல் வெடித்தது. அண்ணி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பத்து.

கொழுந்தனின் முகம் விழுந்தது. அவன் சந்தேகம் முதலாளி மேல்தான் இருந்தது. அடுத்த இடைவெளியில் மறுபடி மஃபைத் தூக்கினான்.

"பல் டாக்டர் ஒண்ணொண்ணாப் புடுங்கிட்டே வருவாராம். கடைசியா எது மிஞ்சுதோ அதுதான் வலிச்ச பல்லாம்."

"சரிங்க."

நடுத் தடுப்பில் வெடித்தது. பத்து.

அப்படியென்றால் மிச்சம் பேராசிரியை. தன் பிஸ்டலைத் தானே திருடிக்கொண்டு தங்களையும் வரவழைத்தாரா? கொழுந்தனுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் வேலையை முடித்தான்.

"புரொபசரம்மா கிளாஸ்ல முன் பெஞ்சுக்குத்தான் அடிதடியாம். பின் பெஞ்சுல எல்லாரும் விடுற குறட்டையில நிம்மதியாத் தூங்க முடியலையாம்."

"சரிங்க."

கடைசித் தடுப்பில் வெடித்தது. பேராசிரியையின் குண்டு அட்டையின் நடுவில். பத்து.

அதே நேரம் இன்னொரு வெடி. பல் டாக்டர் அப்போது சுடவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தி நின்றிருந்தார். ஆனால் அவருடைய அட்டையின் ஓரத்தில் புதிதாக ஒரு ஓட்டை.

"என் அட்டையில யாருய்யா ஓட்டை போட்டது?" என்று அவர் கத்தினார்.

முதல் தடுப்பில் ஃபர்னிச்சர் கடை முதலாளியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் அண்ணி. செயலாளர் சிவப்பு விளக்கைப் போட்டார். துப்பாக்கிகள் மேசைக்கு இறங்கின. மூவரின் மஃப்களும் கழுத்துக்கு இறங்கின.

"தன்னைத் திட்டினா மனுஷன் தாங்கிப்பான்," என்றாள் அண்ணி. "அதுவும் டிராயர் சமாசாரம் அவர் தினமும் வாடிக்கையாளர்கிட்டக் கேக்கிறதுதான். ஆனா வருஷா வருஷம் தன்னைத் தோக்கடிக்கிற எதிராளியைத் திட்டினா? சிரிப்பை அடக்கவே முடியாது."

"ஏதோ பழைய ஞாபகம் வந்துச்சு, சிரிச்சேன். சிரிச்சா திருடனா?"

அண்ணி அவருடைய மஃபை வாங்கி நீல உறையை உருவினாள். கிண்ணத்தின் முன்பக்கம் மைக் துளைகள். பக்கத்தில் ஒரு திருகு, கடைசி எல்லை வரை திருப்பப்பட்டிருந்தது.

"சரி, எலக்ட்ரானிக்தான். காது என் காது. அதுக்கு எதை வேணா மாட்டுவேன்."

பல் டாக்டர் மெதுவாக ஒரு அடி முன்னே வந்தார். "எவ்வளவு நாளா மாட்டியிருக்கே?"

"ஆறு மாசமா."

"போன மாசம் நான் இங்க நின்னு, என் மாமியாரைப் பத்தி..."

"கேட்டேன்."

செயலாளரின் முகம் வெளிறியது. "தேர்தல் நேரத்துல நான் பொருளாளர்கிட்ட..."

"முழுசாக் கேட்டேன். சொல்லட்டுமா?"

"வேணாம், வேணாம்!" செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சற்று முன் போலீஸ், போலீஸ் என்றவர் இப்போது குழைந்தார். "மேடம், ஒரு பேச்சுக்குச் சொல்றேன். நம்பர் இவருக்குக் கேட்டிருக்கலாம். ஆனா காப்பாளருக்கு நான் நேரடியாவே சொன்னேனே? அவர் கூடத்தான் எடுத்திருக்கலாம். பெரிய மனுஷங்களை எதுக்கு இழுக்கணும்?"

"அதானே!" என்றார் முதலாளி.

காப்பாளர் ஒவ்வொருவர் முகமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி நடந்து போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவர் காதில் இன்னும் இருந்த மஃபைத் தூக்கினாள். அவர் காதோரம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டாள்.

"பிஸ்டலைத் திருடினது நீங்கதானே?"

காப்பாளர் பணிவாகத் தலையாட்டினார். "சரிங்க மேடம்."



"ஒத்துக்கிட்டார்!" செயலாளர் குதித்தார். "எல்லாரும் கேட்டீங்கல்ல?"

"கிளப் கூரையில யானை ஏறி நிக்குது, இறக்கி விடுறீங்களா?" என்றாள் அண்ணி அதே குரலில்.

"சரிங்க மேடம்."

எல்லோரும் காப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். 

அண்ணி முன்னால் வந்து, அவருக்கு முகம் தெரியும்படி நின்றாள். "எவ்வளவு நாளா கேக்கல?"

காப்பாளர் அவள் உதடுகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ரொம்ப நாளா மேடம். நான் சேர்ந்தப்ப மஃபெல்லாம் கிடையாது, பஞ்சுதான். டாக்டர்கிட்டப் போனா காது போச்சுன்னு எழுதிடுவார், வேலை போயிடும். ஆள் எதுத்தாப்ல நின்னா உதட்டைப் பாத்துப் புரிஞ்சிக்குவேன். செயலாளர் சார் காதுல சொன்னார். காதுல சொன்னா உதடு தெரியாதுங்களே. சரிங்கன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் பூட்ட நம்பர் வேணாம். இன்னிக்குக் காலையில எப்படியாவது மறுபடி கேட்டுக்கலாம்னு வந்தேன். கதவு ஏற்கனவே திறந்திருந்தது."

"நம்பர் யாருக்காகச் சொன்னாங்களோ அவருக்கு மட்டும் கேக்கல," என்றாள் அண்ணி. "காதை மூடிக்கிட்டு இருந்தவருக்குக் கேட்டிருக்கு. செயலாளர் சார், ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு சொன்னீங்க. கணக்கு சரிதான். ஆள்தான் மாறிடுச்சு."

பேராசிரியை முதலாளியின் எதிரே வந்து நின்றார். "என் பிஸ்டல் எங்க?"

முதலாளி பெருமூச்சு விட்டார். "நீங்க ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை தோக்கணும்னு நெனச்சேன் மேடம். வேற ஆசை எதுவும் இல்ல. போட்டி முடிஞ்சதும் இருந்த இடத்துலயே வச்சிருப்பேன். இந்தம்மா கிளப்புக்கு வந்தது தெரிஞ்சதும், இப்பவே வச்சிடலாம்னுதான் மத்தியானம் கடைக்கு ஓடினேன்."

"அப்புறம்?"

"டிராயர் திறக்கல."

கொழுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பல் டாக்டர் கோடாலி தேடிப் போனார்.

ஐந்து மணிக் கமிட்டிக்கு இப்போது வேறு பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் செயலாளர் காப்பாளரைப் பார்த்துச் சங்கடமாக நெளிந்தார்.

"திருட்டு இவர் செய்யலை, ஒத்துக்கிறேன். ஆனா மேடம், சுடுறதை நிறுத்துன்னு கத்தினா காதுல விழாத ஆளை எப்படி இங்க வச்சிக்கிறது? யார் உயிருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

அது நியாயமான கேள்வி. காப்பாளரே அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டவர் போலத் தலை குனிந்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்க்கத் தொடங்கினார்.

அண்ணி பையிலிருந்து இரண்டாவது மஃபை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். அவருடைய தடித்த விரல்களைப் பிடித்துத் திருகின் மேல் வைத்தாள். "மெதுவாத் திருப்புங்க. எதுவரைக்கும் வேணுமோ அதுவரைக்கும்."

அவர் திருப்பினார். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கை நின்றது. கூரையில் சுழன்ற விசிறியை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ புதிதாகப் பொருத்தியதைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார்.

"காது டாக்டரையும் கட்டாயம் பாக்கணும்," என்றாள் அண்ணி செயலாளரிடம். "ஆனா இங்க நிக்கிற நேரத்துக்கு இது போதும்னு நெனைக்கிறேன். நீங்களே சோதிச்சுப் பாருங்க."

செயலாளர் கூடத்தின் மறுகோடி வரை நடந்து போனார். முதுகைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்து, முணுமுணுத்தார்.

"நாளையில இருந்து நீங்க வேலைக்கு வர வேணாம்."

"ஏன் சார் வர வேணாம்?" என்றார் காப்பாளர். "நான் வருவேன்."

செயலாளர் சுவரைப் பார்த்தபடியே பணிவாகத் தலையாட்டினார்.

"சரிங்க," என்றார்.